கையால் டவ்டெயில் வெட்டுவது: கோணத்தை விடுங்கள், குறுக்குக் கோட்டைப் பாருங்கள்

டவ்டெயில் மூட்டு, அதாவது ஒரு பலகையின் முனையில் விரிந்து வரும் 'வால்'களும் எதிர்ப்பலகையின் 'முளை'களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் மூலை இணைப்பு, என்றதும் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது கோணம் எத்தனை டிகிரி என்றுதான். மென்மரத்துக்கு 1:6 (ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சாய்வு), கடினமரத்துக்கு 1:8 என்பது வழக்கம், அதாவது ஏறக்குறைய ஒன்பதரை டிகிரியும் ஏழு டிகிரியும். எனக்கு எல்லாவற்றுக்கும் 1:7 போதும். உண்மையில் ஒரு வால் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தாலும் மூட்டு கெடாது. ஏனென்றால் எதிர்ப்பலகையில் வரும் முளைகளை அந்த வாலை வைத்தேதான் வரையப்போகிறோம். கெடுப்பது வேறொன்று: பலகையின் முனையில் தடிமனுக்குக் குறுக்கே வரையும் கோட்டை விட்டு ரம்பம் விலகி, தடிமன் வழியாகச் செங்குத்தாகப் போகாதது. முன்முகத்தில் வால் 24 மி.மீ., பின்முகத்தில் 23 என்று ஆகிவிட்டால் நீங்கள் வரைவது ஒரு பக்கத்தின் அளவைத்தான். வெளிப்பக்கம் அகலமாக இருந்தால் பாதி இறங்கியதும் பலகை பிளக்கும், குறுகலாக இருந்தால் வெளியே இடைவெளி தெரியும்.

கருவிகள்

முதுகுப்பட்டை உள்ள சிறு ரம்பம் ஒன்று, அங்குலத்துக்கு 15 பல் வாக்கில், மரத்தின் நீளவாட்டில் அறுக்கத் தீட்டியது. குறுக்கே அறுக்கத் தீட்டிய ரம்பத்தாலும் முடியும், ஆனால் மெதுவாகப் போகும், கோட்டை விட்டு அலையும். இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம் மெல்லிய வெட்டு தரும், பலருக்கும் பிடிக்கும். எனக்கு ஒத்துவரவில்லை. இழுக்கும்போது தூளெல்லாம் என் பக்கம் வந்து நான் பார்க்க வேண்டிய கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம் 6 மி.மீ., 12 மி.மீ. என இரண்டு உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், கோப்பிங் ரம்பம் (வில்போன்ற சட்டத்தில் மெல்லிய அலகு பூட்டியது), சக்கர முனையுள்ள மார்க்கிங் கேஜ் (விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறும் கருவி). ஊசிமுனை கேஜும் வேலை செய்யும், ஆனால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே போகும்போது கிழித்துவிடும், சக்கரம் வெட்டும். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய மார்க்கிங் கத்தி கட்டாயம் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். டவ்டெயில் வரைய விற்கும் பித்தளை அச்சுகளுக்குச் செலவு செய்யாதீர்கள், கெட்டியான அட்டையில் 1:7 வெட்டிக்கொண்டால் போதும்.

உளி தீட்டுவது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பைன் மரத்தின் வெட்டுமுனையில் (நார்கள் குறுக்கே அறுபட்டுத் தெரியும் முனை) உளியைத் தள்ளினால் பளபளவென்று சீவ வேண்டும், நொறுக்கக் கூடாது. நொறுக்கினால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் உளியைத் தீட்டுங்கள்.

அடிக்கோடு

பழக 18 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டு எடுங்கள். முனைகளை மூலைமட்டத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப மென்மையான மரம் வேண்டாம், வெட்டுமுனை உதிர்ந்து எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டு பலகையிலும் 'உள்', 'வெளி' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

அடிக்கோடு என்பது வெட்டு எதுவரை இறங்கலாம் என்று காட்டும் எல்லைக்கோடு. கேஜை எதிர்ப்பலகையின் தடிமனுக்கு வைத்து, அதைவிட ஒரு மயிரிழை கூட்டுங்கள். ஒட்டியபின் லேசாகத் துருத்துவதை இழைத்துவிடலாம், உள்வாங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. வால் பலகையில் நான்கு பக்கமும் கோடு, முளைப் பலகையில் இரண்டு அகல முகங்களில் மட்டும்.

வால்களை வரைவது, அறுப்பது

100 மி.மீ. பலகைக்குக் கணக்கு இது: இரண்டு ஓரத்திலும் 8 மி.மீ. விடுங்கள், மீதி 84. அதில் 24 மி.மீ. வால் மூன்று, நடுவே 6 மி.மீ. இடைவெளி இரண்டு. இவை முனையில் உள்ள அளவுகள். அடிக்கோட்டில் அந்த இடைவெளி 11 மி.மீ.க்கு விரிந்துவிடும் என்பதால் 6 மி.மீ. உளி தாராளமாக நுழையும். முனையில் மூலைமட்டத்தை வைத்துக் குறுக்கே கோடு, முகத்தில் அட்டையை வைத்துச் சாய்கோடு. நீக்க வேண்டிய இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போடுங்கள். இதைப் போட்டே ஆக வேண்டும்.

அறுக்கும்போது பலகையை வைஸில் சாய்த்துப் பிடித்தால் சாய்கோடு செங்குத்தாகிவிடும், கை பழகிய திசையிலேயே அறுக்கலாம். ஒரே சாய்வில் உள்ளவற்றை எல்லாம் முடித்துவிட்டு, மறுபக்கம் சாய்த்து மீதி. குறுக்குக் கோட்டின் தூர ஓரத்தில் தொடங்கி, ரம்பத்தை மெல்லப் படுக்கவைத்து அந்தக் கோடு முழுவதும் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தபின்தான் கீழே இறங்க வேண்டும். அழுத்தாதீர்கள், ரம்பத்தின் எடையே போதும். கண் குறுக்குக் கோட்டில் இருக்கட்டும். அடிக்கோட்டை நெருங்கியதும் ஒருமுறை பின்முகத்தை எட்டிப் பாருங்கள், அங்கே ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருக்கலாம்.

பெட்டி செய்வதாக இருந்தால் இரண்டு வால் பலகைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அறுங்கள். குறுக்குக் கோடு இரட்டிப்பு நீளமாவதால் செங்குத்து தானாகவே கைக்கு வரும்.

நடுவில் உள்ளதை எடுப்பது

கோப்பிங் ரம்பத்தால் அடிக்கோட்டுக்கு ஒன்றரை மி.மீ. மேலே அறுத்துவிடுங்கள். மீதி உளிக்கு. உளியின் முனை ஓர் ஆப்பு, அதனால் எடுத்த எடுப்பில் அடிக்கோட்டிலேயே வைத்து ஓங்கி அடித்தால் அது கோட்டைத் தாண்டிப் பின்னால் நகரும், தோள் (வால்களுக்கு நடுவே அடிக்கோட்டில் மிஞ்சும் மட்டம்) வளைந்துபோகும். முதலில் மீதியில் பாதியை எடுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம், கடைசியாக ஒரு மெல்லிய சீவல் மட்டும் மிஞ்சும்போது உளியை கேஜ் கோட்டுக்குள் வையுங்கள். அது தானாகவே கிளிக்கென்று உட்காரும். பாதித் தடிமன் வரை போனதும் பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். நடுப்பகுதி சற்றே குழிந்திருப்பது நல்லது, மேடாக இருந்தால் மூட்டு மூடாது.

இப்போது வாலின் பக்கச்சுவரில் சிறிய மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். நடுவே புடைத்திருந்தால் சீவுங்கள். வால்களைத் திருத்த இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

வாலைப் பார்த்து முளையை வரைவது

நிறைய பேருடைய மூட்டு இங்கேதான் கெடுகிறது. என்னையும் நெடுநாள் படுத்திய கட்டம் இது. அறுப்பதில் குறை என்று நினைத்து ரம்பத்தை மாற்றிக்கொண்டிருப்போம், ஆனால் கோடே தவறான இடத்தில் இருக்கும்.

முளைப் பலகையை வைஸில் நிமிர்த்திப் பிடியுங்கள். இழைப்புளியை மேசையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, பலகையின் முனை அதன் மேல்மட்டத்துக்கு வரும்படி சரிசெய்து இறுக்குங்கள். இழைப்புளியைப் பின்னுக்குத் தள்ளி, வால் பலகையின் ஒரு முனையை அதன்மேலும் வால்களை முளைப் பலகையின் மேலும் 'உள்' முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். வால்களின் அடிக்கோடு முளைப் பலகையின் உள் விளிம்போடு சரியாகப் பொருந்த வேண்டும். பக்க ஓரங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கத்தியை அழுத்தும்போது பலகை கால் மி.மீ. நகர்ந்தாலே போச்சு, நகர்ந்தது கண்ணுக்கும் தெரியாது.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. வால்களை அறுப்பதற்கு முன்பே, வால் பலகையின் உள்முகத்தில் அடிக்கோடு வரை அரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி எடுத்துவிடுவது. அந்தப் படி முளைப் பலகையின் விளிம்பில் முட்டி நிற்கும், கண்ணால் பொருத்த வேண்டியதே இல்லை. ஸ்டான்லி 140 என்ற இழைப்புளியால் இதைச் செய்வார்கள் என்பதால் 140 தந்திரம் என்றே பெயர். அந்த இழைப்புளி இல்லாவிட்டாலும் படி எடுக்கும் எந்த இழைப்புளியும் ஆகும்.

கத்தியின் தட்டையான பக்கம் வாலின் சுவரை ஒட்டிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் சரிவுள்ள கத்தி என்றால் கோடு சுவரிலிருந்து தள்ளி விழும், முளை மெலிந்துவிடும். முதல் இழுப்பு இறகு தொட்டதுபோல் லேசாக, அடுத்தது கொஞ்சம் அழுத்தி.

கருமையான மரத்தின் வெட்டுமுனையில் கத்திக்கோடு தெரியவே தெரியாது. வரைவதற்கு முன் முனையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வரைந்தபின் வால்கள் உட்கார்ந்த இடத்து டேப்பை மட்டும் உரியுங்கள். மிச்ச டேப் நிற்கும் இடம்தான் முளை. டேப்பின் ஓரத்தை உரசிக்கொண்டு, டேப்பைத் தொடாமல், வெறும் மரத்தின் பக்கம் அறுக்க வேண்டும்.

முளைகள்

கத்திக்கோட்டிலிருந்து முகத்தில் அடிக்கோடு வரை செங்குத்துக் கோடுகள், பெருக்கல் குறி, அறுப்பு. இந்தப் பலகையைச் சாய்க்க வேண்டாம், ரம்பத்தைத்தான் திருப்ப வேண்டும். உளி வேலையில் ஒன்றைக் கவனியுங்கள்: நீக்கும் இடம் வெளிமுகத்தில் அகலமாகவும் உள்முகத்தில் குறுகலாகவும் இருக்கும். வெளிமுகத்து அகலத்துக்கு உளியைத் தேர்ந்தெடுத்து அடித்தால் உள்ளே முளைகளைக் கடித்துவிடும்.

பொருத்துவது

வால்களின் உள்பக்க விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் நுழைய வசதி. வால்களின் சுவரில் பென்சில் தீற்றி, கையால் அழுத்தி, மூன்றில் ஒரு பங்கு வரை இறக்கிப் பிரியுங்கள். முளையில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே இறுக்கம். அங்கே மட்டும் சீவுங்கள். முளையைத்தான், வாலை அல்ல. கடைசிவரை இறக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், ஒவ்வொரு முறை அடித்து ஏற்றும்போதும் நார் நசுங்கி மூட்டு தளரும்.

வெள்ளைப் பசையை வால், முளை இரண்டின் பக்கச்சுவர்களிலும் பூசுங்கள், வலிமை அங்கேதான். வெட்டுமுனைக்குப் பசை தண்டம். பசையிலுள்ள தண்ணீரில் மரம் ஊதும் என்பதால் சுணங்காமல் இறக்கிவிட வேண்டும். காய்ந்தபின் ஓரத்திலிருந்து உள்நோக்கி இழையுங்கள், வெளிநோக்கித் தள்ளினால் ஓரம் பிய்த்துக்கொண்டு போகும்.

சேர்ப்பு 1: 140 தந்திரம் செய்த சிலர் முளைகள் அளவுக்கு மேல் துருத்துகின்றன என்று எழுதியிருந்தார்கள். படி எடுத்தபின் வால்களின் தடிமன் குறைந்திருக்கும். முளைப் பலகைக்குக் கோடு போடுமுன் கேஜை அந்தக் குறைந்த தடிமனுக்கு மாற்றி வைக்க வேண்டும்.

சேர்ப்பு 2: பலகை குழிந்து வளைந்திருந்தால் முளை வரையும்போது வால் பலகையின்மேல் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து கிளாம்ப் போட்டு நிமிர்த்துங்கள்.

சேர்ப்பு 3: இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், பாலிஷ் போட்டதும் கறுத்த கோடாகக் காட்டிக்கொடுக்கும். அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து, நார் திசை பார்த்து, பசை தொட்டுச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிடுங்கள்.

சேர்ப்பு 4: டிராயருக்கு எந்தப் பலகையில் வால் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பக்கப் பலகைகளில் வால், முன்பலகையில் முளை. மாற்றிப் போட்டால் டிராயரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பசை மட்டும்தான் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.