தொலைநோக்கி ஆடி: பொருள் தேர்வில் நடக்கும் தவறுகள்

சொந்தமாகத் தொலைநோக்கி ஆடி தேய்க்க இறங்குபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்பார்கள்: "கண்ணாடிதான் வேண்டுமா? அலுமினியத் தட்டை லேத்தில் குழித்துப் பளபளவென்று பாலிஷ் போட்டால் ஆகாதா?"

பளபளப்பைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. ஒளி கண்ணாடிக்குள் போவதே இல்லை. மேலே படிந்திருக்கும், சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியப் பூச்சிலேயே பட்டுத் திரும்பிவிடும். கண்ணாடி அந்தப் பூச்சுக்கு வெறும் பீடம். ஆனால் பரப்பில் உள்ள மேடுபள்ளம் ஏறத்தாழ 70 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவத்தை விடாமல் பிடித்து வைப்பதுதான் பீடத்தின் வேலை. அதனால், உள்ளே நாலு குமிழி இருக்கிறதென்று நல்ல கண்ணாடியை ஒதுக்காதீர்கள்.

அலுமினியம் மென்மையானது. நேரடியாகப் பாலிஷ் போட்டால் கண்ணாடி அளவுக்கு வழவழப்பு வராது. மேலே நிக்கல் பூசித் தேய்க்கலாம். ஆனால் இரண்டும் வெப்பத்தில் வேறுவேறு அளவில் விரிவதால் தட்டு வளையும். அக்ரிலிக் பற்றிப் பேசவே வேண்டாம், தன் எடைக்கே தொய்ந்துவிடும்.

பணம் மிச்சமென்று பழைய மேசைக் கண்ணாடியை எடுப்பவர்கள் ஜாக்கிரதை. அது டஃபன்டு கண்ணாடியாக (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி) இருந்தால் உள்ளே இறுக்கம் அடைபட்டிருக்கும். குழி தோண்டத் தோண்ட வடிவம் நழுவும், இல்லாவிட்டால் ஒருநாள் கையிலேயே பொடிப்பொடியாகும். சோதிப்பது சுலபம். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை இருளும்வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே மேசைக் கண்ணாடியைப் பிடித்தால் வெளிச்சத் திட்டுகள் தெரிகிறதா? அந்தக் கண்ணாடி வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

'பைரெக்ஸ் (வெப்பத்தில் குறைவாக விரியும் கண்ணாடி) கிடைத்தால்தான் தொடங்குவேன்' என்று காத்திருப்பதும் தவறுதான். சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 9 மைக்ரான் விரியும், பைரெக்ஸ் 3.3. (அலுமினியம் 23!) 6 அங்குல ஆடிக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும், பொறுமை மட்டும் வேண்டும். ஃபூக்கோ சோதனையில் (ஆடிப் பரப்பின் மேடுபள்ளத்தை ஒளி-நிழலாகக் காட்டும் சோதனை) வைத்திருக்கும்போது கட்டைவிரலை ஒரு நிமிடம் ஆடிமேல் அழுத்தி எடுத்துப் பாருங்கள்; அந்த இடம் கொப்புளம்போல வீங்கித் தெரியும். பாலிஷ் போட்ட கையோடு சோதித்து, அந்தச் சூட்டு மேட்டை நிஜ மேடு என்று நம்பித் தேய்த்துவிட்டால், ஆறியதும் அங்கே பள்ளம்தான் இருக்கும். அதனால் ஆடியைத் தாங்கியில் வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து பாருங்கள்.