கார்டிலிருந்து பணம் பறிபோனால் உடனே செய்ய வேண்டியவை

நீங்கள் செய்யாத பரிவர்த்தனைக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால், தொகை ஒரு ரூபாயாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று சிறு தொகையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெருந்தொகையில் கைவைப்பது மோசடிக்காரர்களின் வழக்கம். கேட்காத ஓ.டி.பி. வருவதும், வாங்காத கடனுக்கு வசூல் அழைப்பு வருவதும் அறிகுறிகளே. கைப்பேசியில் சிக்னல் திடீரென அடியோடு நின்றுபோனால், உங்கள் எண் வேறொரு சிம்முக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று தொலைபேசி நிறுவனத்திடம் உடனே கேளுங்கள்.

முதல் வேலை, கார்டை முடக்குவது. வங்கிச் செயலியில் இதைச் சில நொடிகளில் செய்யலாம்; இல்லையெனில் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். அந்த எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். பதறித் தேடுபவர்களுக்காகவே போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள்; ஒருமுறை ஏமாந்தவர் அதே நாளில் மறுபடியும் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவதாக, இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, தேதி, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் விரைந்து செல்லும். அங்கிருந்து எடுக்கப்படாத தொகையை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், வெட்கப்பட்டோ வீட்டாருக்குப் பயந்தோ தாமதிக்காதீர்கள்.

மூன்றாவது, வங்கிக்கு எழுத்து மூலமான புகார். பலரும் கோட்டைவிடும் இடம் இது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை, தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க நேரலாம். கார்டின் ரகசிய எண்ணையோ (PIN) ஓ.டி.பி.யையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது. அதற்குப் பிந்தையது வங்கியுடையது. ஆகவே தெரிவித்த நேரம் பதிவாக வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல், "இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன தொகை என் அனுமதியின்றி எடுக்கப்பட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கிளையில் உங்களைக் குற்றவாளிபோல் விசாரித்தால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆதார், பான் விவரங்களும் கசிந்திருக்குமென்று சந்தேகித்தால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் தென்பட்டால், அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்தவரிடமும் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

வங்கி 30 நாட்களாகியும் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். முதல் நாள் அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் புகார் எண்ணையும் அம்முறையீட்டுடன் இணையுங்கள்.