படம் சப்பென்று போனாலும் கதையைக் காப்பாற்றுவது எப்படி?

பழங்கதையை வைத்து எடுத்த மாயாஜாலப் படம் சொதப்பினால், கதையே அவ்வளவுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. என் பேரனிடம் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் குறையை அவனே சொல்லட்டும். யானைமலைக் கதையை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அந்த யானை ஏன் சண்டை போடுதுன்னே தெரியல" என்றான். சரியான குறை. காரணம் தெரியாத சண்டையில் கிராஃபிக்ஸ் எவ்வளவு இருந்தாலும் மனசு ஒட்டாது.

அப்புறம் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒத்தக்கடைக்குக் கூட்டிப்போங்கள். யானைமலையைத் தூரத்தில் நின்றே முதலில் காட்டுங்கள்: தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானையேதான். மதுரையை அழிக்க ஏவிவிட்ட யானையைச் சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்தினார், அதுவே மலையாகிக் கிடக்கிறது என்பது திருவிளையாடல் கதை. யானை ஊரை நெருங்கும் இடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிள்ளை பதில் யோசிக்கும் அந்த நேரத்தைப் படம் கொடுக்கவே இல்லை.

அடிவாரத்தில் பாறையைக் குடைந்த நரசிங்கர் கோயில் இருக்கிறது, கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். வீடு திரும்பியதும் கதையைப் பாட்டியிடம் அவன் வாயாலேயே சொல்லவையுங்கள், இடையில் திருத்தாதீர்கள்.