‘எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை’: மொரிஷியஸுக்கு வருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜரின் பிளக் சுவரில் நுழையவில்லை. மொரிஷியஸில் என் முதல் வேலை நாள் இப்படித்தான் விடிந்தது. நம்மூர் பிளக்குக்கு மூன்றும் உருண்டைக் கால். இங்கே சுவரில் இருப்பவை பிரிட்டிஷ் பாணியில் பட்டையான மூன்று துளைகள், சில இடங்களில் பிரெஞ்சு பாணியில் இரண்டு துளைகள். லேப்டாப்பில் 18 சதவீதம் சார்ஜ், லண்டன் டீமோடு மீட்டிங் தொடங்க இருபது நிமிடம். வீட்டுக்கார அம்மா பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, அதிலிருந்து ஒரு அடாப்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இந்தியாவிலிருந்து வந்து தங்கும் எல்லாரும் கேட்பார்களாம், அதனால் எடுத்தே வைத்திருக்கிறாராம்.

என் ஒப்பந்தத்தில் ‘எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, ஊர் எதுவானால் என்ன என்று நினைத்தேன். வேலைக்கு வேண்டுமானால் ஊர் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் விசாவுக்கும் வரிக்கும் கடிகாரத்துக்கும் வங்கிக்கும் ஊர் தேவைப்படுகிறது. நானும், இங்கே எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளும் செய்த தவறுகள் எல்லாமே இதை மறந்ததால் வந்தவைதான்.

முதலாவது, சுற்றுலாப் பயணியாக வந்து இறங்கிவிட்டு வேலையைத் தொடர்வது. முன்கூட்டி விசா எடுக்காமலே இந்தியர்கள் இங்கே சுற்றிப்பார்க்க வரலாம் என்பதால் இந்த ஆசை எளிதில் வருகிறது. ‘நான் வேலை பார்ப்பது வெளிநாட்டுக் கம்பெனிக்கு, இங்கே யாருடைய வேலையையும் பறிக்கவில்லையே’ என்பதுதான் எல்லாரும் சொல்லும் வாதம். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதனால்தான் மொரிஷியஸ் அரசு 2020-ல் பிரீமியம் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்குத் தருகிறார்கள், புதுப்பிக்கலாம். உங்கள் சம்பளமும் தொழிலின் மையமும் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளூர் வேலைச் சந்தையில் நுழையக் கூடாது, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, மாதம் குறைந்தது 1,500 டாலர் வருமானம் ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டும். அறிமுகமானபோது வந்த நிபந்தனைகள் இவை. விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வழுக்குவது ‘உள்ளூர் வேலைச் சந்தை’ என்ற இடத்தில்தான். எபேன் சைபர் சிட்டி பக்கம் ஒரு சின்னக் கம்பெனி, ‘வாரக் கடைசியில் எங்கள் வெப்சைட்டைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா’ என்று கேட்கும். கோயிலில் பழகியவராகவே இருப்பார், மறுக்கவும் மனம் வராது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்தால் பிரீமியம் விசாவின் அடிப்படையே போய்விடும். உள்ளூரில் சம்பாதிக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஆக்குபேஷன் பர்மிட் தனியாக இருக்கிறது.

அடுத்தது, கம்பெனியிடம் சொல்லாமல் நாடு மாறுவது. வி.பி.என். போட்டுச் சென்னையில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். அவன் சொன்னதில் சாமர்த்தியம் இருந்தது, விவரம் இல்லை. ஐரோப்பியக் கம்பெனியின் வாடிக்கையாளர் தரவை ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து திறந்து பார்ப்பதையே ஜி.டி.பி.ஆர். என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு மாற்றமாகக் கருதக்கூடும். உங்களை எந்த நாட்டில் வைத்து வேலை வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கம்பெனிக்கே அந்த நாட்டில் வரிக் கடமை முளைக்கலாம். அதனால் எச்.ஆர். பதறுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். எனக்கு அந்தப் பதில் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன் என்பது தனிக்கதை.

வரிக்கு வருவோம். இங்கேதான் நம்மாட்கள் ‘அங்கேயும் கட்ட வேண்டாம், இங்கேயும் கட்ட வேண்டாம்’ என்று கனவு காண்கிறார்கள்.

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மொரிஷியஸின் வரியாண்டு ஜூலையில். வரிக்கணக்கில் குடியிருப்பவரா என்று பார்க்க அங்கே 182 நாள் கணக்கு, இங்கே 183 நாள் கணக்கு. இங்கே இன்னொரு கணக்கும் உண்டு: அந்த ஆண்டையும் முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 270 நாள் இருந்தாலும் நீங்கள் வரிக்கணக்கில் இங்கே குடியிருப்பவர். இரு நாட்டு வரியாண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால், ஒரே சமயத்தில் இரண்டு நாட்டிலும் குடியிருப்பவராக மாட்டிக்கொள்ள முடியும். எதிலும் இல்லாமல் நழுவிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இந்தியச் சட்டத்தில் ஒரு வலை விரித்திருக்கிறார்கள். வெளிநாட்டு வருமானத்தை நீக்கியபின் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள இந்தியக் குடிமகன், வேறெந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படவில்லை என்றால், இந்தியாவில் குடியிருப்பவராகவே கருதப்படுவார். ஊரில் வாடகைக்கு விட்ட வீடும் பங்குகளும் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மொரிஷியஸ் பக்கம் பார்த்தால், பிரீமியம் விசாக்காரர்களுக்கு வரி என்பது பெரும்பாலும் நாட்டுக்குள் கொண்டுவரும் பணத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு கார்டைத் தேய்த்துச் செலவு செய்தால் அதைக் கொண்டுவந்த பணமாக எடுத்துக்கொள்வதில்லை என்று வரித்துறை விளக்கம் தந்திருந்தது. ஆனால் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இந்திய கிரெடிட் கார்டிலேயே செலவழித்தால், அந்நியச் செலாவணிக் கட்டணம் ஒவ்வொரு தேய்ப்பிலும் மூன்று சதவீதத்தை ஒட்டிப் போகும். வருடக் கடைசியில் கூட்டிப் பாருங்கள், வயிறு எரியும். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வரிக் குடியிருப்புச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது பாஸ்போர்ட் முத்திரைகளைப் பின்னால் எண்ணிக்கொண்டிருப்பதைவிட மேல். ஒரு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், அந்தக் காசு வீண் போகாது.

அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்பவர்கள் ‘நான் அமெரிக்கன் இல்லை’ என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் வரிப் படிவத்தில்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் கம்பெனிக்காரர்கள் டபிள்யூ-9 படிவத்தை அனுப்பிவிடுவார்கள். அது அமெரிக்கர்களுக்கானது. பூர்த்தி செய்துவிடாதீர்கள்.

என்னைக் கடைசியில் அழவிட்டது வரி இல்லை, ஒரு சிம் கார்டு. ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் நான்கு மாதம் விட்டுவிட்டேன். இந்தியாவில் 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் நம்பரை நிறுவனம் துண்டித்துவிடலாம். என் வங்கிக் கணக்கு, வருமானவரித் தளம், ஆதார், பி.எஃப். எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த ஒரே நம்பருக்கு. ஒருநாள் இரவு வங்கி ஆப் ‘உங்கள் நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்’ என்றது. போன் மேஜைமேல் ஊமையாகக் கிடந்தது. கிளைக்கு நேரில் வந்தால்தான் நம்பர் மாற்ற முடியும் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு நிமிட வேலைக்காக மதுரைக்குப் போய் வந்தேன். அம்மா கையால் ஒரு வாரம் சாப்பிட்டேன் என்பது மட்டும் லாபம். கிளம்புமுன் ரோமிங் போடுங்கள், ரீசார்ஜ் தேதியை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள், குடியிருப்பு நிலை மாறினால் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

பணம் வரும் வழியையும் முதல் இன்வாய்ஸுக்கு முன்பே பேசிவிட வேண்டும். நாடுவிட்டு நாடு வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியாக வரும் தொகையை நடுவில் உள்ள வங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிவிடும். கட்டணத்தை யார் ஏற்பது என்று அனுப்புகிறவர் தேர்ந்தெடுக்கும் ஒரு குறியீடு இருக்கிறது. ‘அவர்’ (OUR) என்றால் முழுக்க அனுப்புகிறவர் பொறுப்பு, ‘ஷா’ (SHA) என்றால் பங்கு, ‘பென்’ (BEN) என்றால் உங்கள் தலையில். ஒப்பந்தக்காரராகச் சேர்ந்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்தோடு விடுப்பு எதுவும் கிடையாது. டாலர் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு ‘அடேயப்பா’ என்று ஒப்புக்கொள்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை.

இனிக் கடிகாரம். மொரிஷியஸ் நேரம் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டனைவிடக் குளிர்காலத்தில் நான்கு மணி நேரம் முன்னால், கோடையில் மூன்று. நியூயார்க்கைவிட ஒன்பது, கோடையில் எட்டு. ஐரோப்பியக் கம்பெனிக்கு வேலை செய்பவருக்கு இது சொர்க்கம். காலையில் நடை, சமையல், பதினொன்று பன்னிரண்டுக்கு வேலை தொடக்கம். கலிஃபோர்னியக் கம்பெனி என்றால் அவர்களின் காலை ஒன்பது உங்களுக்கு இரவு எட்டு அல்லது ஒன்பது. கடலைப் பார்க்க வந்து பகலெல்லாம் தூங்குவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா?

பலரும் தடுக்கி விழுவது மார்ச்சில். 2008-ல் ஒரே ஒரு கோடைக்கு மொரிஷியஸும் கடிகாரத்தை முன்னே தள்ளிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. இப்போது இங்கே கடிகாரம் மாறுவதில்லை, மற்றவர்கள்தான் மாற்றுகிறார்கள். கோடைக்காக அமெரிக்கா கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறே ஒரு மணி நேரம் முன்னே மாற்றிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுவரை காத்திருக்கும். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரத்தில் நியூயார்க் மீட்டிங் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும், லண்டன் மீட்டிங் நகராது. காலண்டர் ஆப் சரியாகத்தான் காட்டியது. நான் நம்பியது சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை. அதில் ‘நியூயார்க், மாலை 6’ என்று இருந்தது. காபியும் கையுமாக ஆறு மணிக்கு உள்ளே போனால், ஐந்து மணிக்கே கூடிப் பேசி முடித்துக் கலைந்திருந்தார்கள்.

வீடு பார்ப்பதில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராண்ட் பே, ஃபிளிக் ஆன் ஃபிளாக் என்று கடற்கரையில் எடுத்தால் வாடகை கடிக்கும், சுற்றிலும் பயணிகள். ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் மெட்ரோ இருக்கிறது, சந்தை இருக்கிறது, கோயில் இருக்கிறது. கியூர்பிப் மேட்டுப் பகுதி. மழையும் ஈரமும் அதிகம், சட்டையில் பூஞ்சை பூத்துவிடும். நவம்பர் முதல் புயல் காலம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வகுப்புவரை ஏறும், மூன்றாவது வந்துவிட்டால் வெளியே காலடி வைக்காதீர்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. முதல் வகுப்பு அறிவிப்பு வந்ததுமே டீமுக்குத் தகவல் சொல்லி, பவர் பேங்கையும் இன்னொரு நிறுவனத்தின் டேட்டா சிம்மையும் தயாராக வைத்துவிடுவேன். கரண்டு போனபின் சொல்ல வழியிருக்காது.

தமிழ் போதும் என்று நம்பி வருவதும் தவறுதான். இங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்கும் புல்லரித்தது. ஆனால் தெருவில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. இங்குள்ள தமிழர்களுக்குத் தமிழ் பெரும்பாலும் கோயிலிலும் பெயரிலும் சமையலிலும் இருக்கிறது. சந்தையில் பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’, முருங்கைக்கீரை ‘ப்ரேத் முரும்’. வீட்டுக்கார அம்மா தேவாரம் பாடுவார், ஆனால் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் கிரியோலில்தான் புரியும். என்னைக் கூப்பிடுவது ‘மோ கார்சோன்’, என் பிள்ளை என்று. ‘கி மான்யேர்?’ என்று நலம் விசாரிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பயணியாகப் பார்ப்பதை நிறுத்தினார்.

ஒப்பந்தத்தில் நான் விட்ட இன்னொரு ஓட்டை, விடுமுறை. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. என் ஒப்பந்தத்தில் இருந்தது இங்கிலாந்தின் விடுமுறைப் பட்டியல். முதல் வருடம் தெருவில் மேளச் சத்தத்தோடு காவடி போனபோது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மைக்கை அணைத்து, ரிலீஸ் நாளில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார். எழுந்து போய்த் திறந்தபோது மாலை ஐந்து, ரசம் ஆடை கட்டியிருந்தது. அடுத்த முறை புதுப்பித்தபோது ஊதிய உயர்வைக் கேட்கும் முன் காவடியையும் தீபாவளியையும் பெயர் சொல்லி எழுதி வாங்கினேன். மேனேஜர் காவடி என்றால் என்னவென்று கேட்டார். படம் அனுப்பினேன். இந்தத் தைப்பூசத்தில் வீட்டுக்கார அம்மாவின் பால்குடத்துக்குப் பின்னால் நடந்து, பந்தியில் உட்கார்ந்து, சூடாகவே சாப்பிட்டேன்.