பழைய வால்வோ 240: மீட்டரும் க்ரூஸ் கண்ட்ரோலும் படுத்துக்கொண்டால் செய்யக் கூடாதவை

ஸ்வீடனின் வால்வோ நிறுவனம் 1974 முதல் 1993 வரை 28 லட்சத்துக்கும் மேல் தயாரித்த 240 மாடல் கார்களில் பல இன்றைக்கும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் எஞ்சின் லேசில் சாகாது. வயதாவதெல்லாம் ஒயரும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். அதனால் ஒரு கட்டத்தில் ஸ்பீடோமீட்டர் முள் ஆடத் தொடங்கும், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் நின்றுபோகும், காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் வண்டியை ஓட்டும் க்ரூஸ் கண்ட்ரோல் பட்டனை அழுத்தினால் பிடிக்காது. உடனே பலரும் ஒரு பழைய மீட்டர் போர்டையும் ஒரு க்ரூஸ் கண்ட்ரோல் பெட்டியையும் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கை காசு கரைவது இங்கேதான். கோளாறு எங்கே என்று பார்க்காமல் பொருள் வாங்குவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

1986-க்குப் பிந்தைய 240-இல் ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள் கிடையாது. பின்சக்கரங்களுக்கு நடுவே அவற்றைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூடியில் ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே பல் வைத்த வளையம் சுற்றும்போது அதில் மின்துடிப்பு உண்டாகி, ஒயர் வழியாக ஸ்பீடோமீட்டருக்கு வருகிறது. ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் அந்தத் துடிப்பைக் கொண்டு முள்ளை நகர்த்துகிறது, ஒரு குட்டி மோட்டாரைச் சுழற்றி ஓடோமீட்டரை ஓட்டுகிறது. அதோடு, அதே துடிப்பைச் சீராக்கி க்ரூஸ் கண்ட்ரோல் பெட்டிக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவைக்கிறது. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பது க்ரூஸ் பெட்டிக்குத் தெரிவதே மீட்டர் சொல்லித்தான். முள் செத்துக் கிடக்கும்போது புது க்ரூஸ் பெட்டி மாட்டி என்ன பயன்?

ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். முள்ளும் ஓடோமீட்டரும் சேர்ந்து நின்றிருந்தால் சென்சார், அதன் ஒயர், ஸ்பீடோமீட்டர் சர்க்யூட் இந்த மூன்றில் ஒன்று. முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது, ஓடோமீட்டர் மட்டும் நின்றுவிட்டது என்றால் அநேகமாக உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருக்கும். க்ரூஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் நன்றாக ஓடுகின்றன, க்ரூஸ் மட்டும் பிடிக்கவில்லை என்றால் மீட்டரைக் கழற்றவே வேண்டாம், எஞ்சின் அறைக்கும் பிரேக் பெடலுக்கும் போங்கள். எல்எச் 2.4 எரிபொருள் அமைப்பு உள்ள 1989-க்குப் பிந்தைய வண்டி என்றால் இன்னொரு வசதியும் இருக்கிறது. எஞ்சின் அறையில் உள்ள சிறு கறுப்புப் பெட்டியின் பட்டனை அழுத்தி விளக்கு மின்னுவதை எண்ணினால், வேகத் துடிப்பு கம்ப்யூட்டருக்கு வரவில்லை என்பதை 3-1-1 என்று அதுவே சொல்லிவிடும்.

சென்சார் பக்கம் சந்தேகம் என்றால் பின்சக்கரத்தைத் தூக்கித் தாங்கிகளின் மேல் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சென்சாரின் இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஏசி வோல்டேஜ் பாருங்கள். சுற்றும்போது எண் எழுந்தால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. வெறும் ஜாக்கி மேல் நிறுத்தி கியர் போட்டுச் சுற்றவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது, வேண்டாம். டிஃபரென்ஷியல் மூடியைத் திறந்து ஆயில் மாற்றிய கையோடு மீட்டர் நின்றுவிட்டது என்றால் முதலில் அந்தச் சென்சார் ஒயரையும் பிளக்கையும் பாருங்கள். அங்கே கை பட்டு இழுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய மீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முகப்பு ஒன்றுபோல இருக்கிறதே என்று நம்பி வாங்காதீர்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் டிஃபரென்ஷியலுக்குள் சுற்றும் அந்த வளையத்துக்கு 12 பல், ஏபிஎஸ் உள்ளதில் 48. ஸ்பீடோமீட்டரில் 12:12 என்றோ 48:12 என்றோ குறித்திருப்பார்கள். மாற்றி மாட்டினால் முள் காட்டும் வேகம் நான்கு மடங்கு கூடும் அல்லது கால் பங்காகக் குறையும். க்ரூஸும் அந்தப் பொய்யைத்தான் நம்பும். யசாகி தயாரித்த மீட்டர்களும் விடிஓ தயாரித்த மீட்டர்களும் உள்ளே வேறு வேறு. ஒன்றின் பல்சக்கரம் மற்றதில் சேராது.

ஓடோமீட்டர் பல்சக்கரம் நொறுங்குவது இந்த மாடலின் பிறவி நோய். பிளாஸ்டிக் காய்ந்து, பல் ஒவ்வொன்றாக உதிரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் தள்ளும் பட்டனை அழுத்துவது அந்தச் சாவை விரைவுபடுத்தும். வண்டி நின்ற பிறகே அழுத்துங்கள். உடைந்த சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டுவது வீண்வேலை; பல்லின் எண்ணிக்கையைச் சரியாக எண்ணி அதே அளவில் புதுச் சக்கரம் வாங்குங்கள், விலை அதிகமில்லை. இந்த வேலையில் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பிடுங்காமல் இருக்கப் பாருங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் முள் எங்கே ஓய்ந்து நிற்கிறது என்பதைப் படமெடுத்துக் குறித்துவைத்த பிறகே தொடுங்கள். ஒரு இம்மி தள்ளி மாட்டினாலும் காட்டும் வேகம் தப்பு.

ஓடோமீட்டரைத் திறந்தவர் சட்டத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, பழுதுபார்த்த பின்னும் பழைய எண்ணே நிற்க வேண்டும். அது முடியாதபோது பூஜ்யத்தில் வைத்து, முந்தைய மைல் கணக்கையும் வேலை செய்த தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். வண்டியை அடுத்து வாங்குபவருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம் இது. அதை அலட்சியம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மீட்டர் போர்டைக் கழற்றும் முன் பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள். பின்பக்கம் இருப்பது தகடு அல்ல, வளையும் பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்ட மெல்லிய செம்புத் தடங்கள். பிளக்கைக் கோணலாக இழுத்தால் தடம் உரிந்துவரும், சாலிடரிங் இரும்பு பட்டால் உருகும். டேஷ்போர்டைத் தட்டினால் முள் எழுகிறது என்றால், ஸ்பீடோமீட்டர் சர்க்யூட்டின் இணைப்புக் கால்களைச் சுற்றிச் சாலிடர் விரிந்திருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வட்டமாக ஒரு கீறல் தெரியும். அதை மறுபடி சாலிடர் செய்வதோடு காரியம் முடிந்துவிடும். எரிபொருள், வெப்ப மீட்டர்களைப் பிடித்திருக்கும் நட்டுகளே மின்தொடர்பும் கொடுப்பவை. அவை தளர்ந்திருந்தாலும் முள் பேயாட்டம் ஆடும். அளவாக இறுக்குங்கள், படலம் கிழியும் அளவுக்கு வேண்டாம்.

கழற்றியதே கழற்றினோம், எல்லா பல்பையும் எல்இடியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். வெளிச்ச பல்புகளை மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் பேட்டரி சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் பல்பில் கை வைக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்குவதற்கான முதல் மின்னோட்டம் அந்த பல்பின் இழை வழியாகத்தான் போகிறது. எல்இடி அவ்வளவு மின்னோட்டத்தை விடாது. விளைவு, எஞ்சின் ஓடும், பேட்டரி சார்ஜ் ஏறாது. மீட்டர் வேலை முடித்த மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆல்டர்னேட்டரையே மாற்றும் கூத்துக்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிந்தால் மீட்டரைச் சந்தேகிக்காமல் சார்ஜிங் பக்கம் பாருங்கள்.

இனி க்ரூஸ். முள் ஒழுங்காக இருந்தும் க்ரூஸ் பிடிக்காத வண்டிகளில் பெட்டி கெட்டிருப்பது அபூர்வம். காற்றுக் கசிவுதான் வழக்கமான குற்றவாளி. ஒரு சிறு மின்பம்பு காற்றை உறிஞ்சுகிறது, அதனால் ரப்பர் துருத்தி சுருங்கி, எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலை இழுக்கிறது. பிரேக் பெடலில் ஒரு வால்வு இருக்கிறது; பெடலை மிதித்தால் அது திறந்து காற்று உள்ளே புகும், க்ரூஸ் விடுபடும். குழாய்களில் எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தாலும், அந்த வால்வு பெடலோடு ஒட்டி மூடாமல் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றாலும் துருத்தி சுருங்காது. துருத்தியிலிருந்து குழாயைக் கழற்றி, கை வேக்கம் பம்பினால் உறிஞ்சிப் பிடியுங்கள். துருத்தி சுருங்கி அப்படியே நின்றால் அது நல்லது. மெல்ல விரிந்தால் ஓட்டை. ரப்பர் மிருதுவாகட்டும் என்று அதன் மேல் மண்ணெண்ணெய் கலந்த ஸ்ப்ரே எதையும் அடிக்க வேண்டாம், இன்னும் சீக்கிரம் வீணாகும்.

வண்டியின் பின்னால் எரியும் பிரேக் விளக்கையும் கவனியுங்கள். 240 காலத்துக் கார்கள் பலவற்றில், பிரேக் மிதிக்கவில்லை என்பதை க்ரூஸ் பெட்டி தெரிந்துகொள்வது பிரேக் பல்பின் இழை வழியாகத்தான். பல்புகள் எரிந்துபோனாலும், அவற்றை எல்இடியாக மாற்றியிருந்தாலும் க்ரூஸ் முரண்டு பிடிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு ஒன்று உண்டு. க்ரூஸ் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பெடல் வால்வுக் குழாயை அடைத்துவிடுவது, அல்லது பிரேக் ஸ்விட்ச் ஒயரை நேராக இணைத்துவிடுவது. காற்றும் மின்சாரமும் தனித்தனியாக விடுபடும்படி அமைத்ததற்குக் காரணம், ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்ற வேண்டும் என்பதே. ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் மின்சாரம் நிற்கும் ஒயர் இழுப்பதும் அதே வகை. ஃபோர்டு நிறுவனம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் வைத்திருந்த க்ரூஸ் ஸ்விட்ச்சில் எப்போதும் மின்சாரம் இருந்தது. பிரேக் ஆயில் கசிந்து, நிறுத்தி வைத்த வண்டிகள்கூடத் தீப்பற்றின. 1999-இல் தொடங்கி 2009 வரை 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் மாட்டிய பிறகு வேறு வண்டி இல்லாத, ஈரமில்லாத நேர்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போய் க்ரூஸை அழுத்துங்கள். 240-இல் மெதுவான வேகத்தில் அது பிடிக்காது, அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பிடித்ததும் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், அந்த நொடியே விட வேண்டும். விடுவதில் சற்றுத் தயக்கம் தெரிந்தாலும் க்ரூஸை அணைத்துவிட்டு வீடு திரும்பி, பெடல் வால்வும் பிரேக் ஸ்விட்ச்சும் உட்கார்ந்திருக்கும் விதத்தை மறுபடி பாருங்கள்.