ள வந்தால் ஈரம்: ஸ்பற்றரும் ஸ்பிளற்றரும்

திருகோணமலையில் படகுச் சட்டம், கேற், கிறில் என்று கிடைத்ததை வெல்டிங் செய்கிறவன் நான். ஒருமுறை வேலை முடித்து ஆங்கிலத்தில் அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது. "ஸ்பிளற்றர் எல்லாம் சுரண்டி எடுத்தாயிற்று" என்று எழுதினேன். வாசித்த இன்ஜினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீர் வெல்டிங் செய்தனீரா, தக்காளி எறிஞ்சனீரா?"

நான் எழுதியிருக்க வேண்டியது ஸ்பற்றர் (spatter). அன்றைக்குத்தான் அதுவும் ஸ்பிளற்றரும் (splatter) வேறு வேறு சொல் என்று தெரிந்தது. எழுத்தில் ஸ்பிளற்றருக்கு நடுவே ஒரு எல் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்பற்றர் என்றால் தெறிப்பது. பொடிப்பொடித் துளிகள், தனித்தனியாக, நாலு பக்கமும். தாச்சியில் சூடான எண்ணெயில் மீனைப் போட்டதும் கையில் சுருக்கென்று படுகிறதே, அது. மாரி தொடங்கும்போது தகரக் கூரையில் முதலில் விழும் நாலைந்து துளியும் அதுதான். ஸ்பிளற்றர் அப்படியில்லை. கொழகொழத்த ஒன்று சளப்பென்று மோதிச் சிதறி அப்பிக்கொள்வது. கனிந்த மாம்பழம் சீமெந்துத் தரையில் விழுந்தால் ஸ்பிளற்றர்.

எப்படி நினைவில் வைப்பது? நான் தமிழைப் பிடித்துக்கொண்டேன். சளசள, கொளகொள, சளப் என்று ள வருகிற ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள், வாயே ஈரமாகும். சடசட, படபட என்பவை உலர்ந்த ஒலிகள். ஆங்கிலத்திலும் ஸ்பிளாஷ், ஸ்பிளாற் எல்லாம் அந்த ஈரக் குடும்பம். வயதிலும் ஸ்பற்றர்தான் மூத்தது, 16ஆம் நூற்றாண்டுச் சொல். ஸ்பிளற்றர் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. ஸ்பிளாஷும் ஸ்பற்றரும் கலந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வெல்டிங் செய்யும்போது உருகிய உலோகம் மணிமணியாகத் தெறித்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ஸ்பற்றர், வேறு எதுவுமில்லை. மேலே ஓடாகப் படிவது சிலாக். அதையும் இதையும் குழப்பாதீர்கள். கரண்ட் கூடினாலும், உருகி ஒட்டும் வெல்டிங் குச்சியான றொட்டைத் தூக்கிப் பிடித்தாலும், துருவையும் பெயின்றையும் துடைக்காமல் தொடங்கினாலும் ஸ்பற்றர் கூடும். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை, கடல் காற்று. பெட்டியைத் திறந்தபடி விட்டால் றொட் ஈரம் குடித்துவிடும், அப்புறம் பொரிகடலை மாதிரி வெடிக்கும். ஸ்பற்றர் ஒட்டாமல் தடுக்கும் ஆன்ரி ஸ்பற்றர் ஸ்பிரேயை முதலே அடித்தால் பிறகு உளிக்கு வேலை குறைவு. அறிக்கையில் ஸ்பற்றர் என்ற சொல்லின் கடைசியில் எஸ் போட வேண்டாம். மணல், தூசி மாதிரி மொத்தமாகவே நிற்கும் சொல் அது.

வீட்டுப் பேச்சில் இவ்வளவு கறார் தேவையில்லை. அகராதிகளே சில இடங்களில் ஒன்றுக்கு மற்றதைப் பொருளாகச் சொல்கின்றன. அடுப்படிச் சுவரில் எண்ணெய் பட்டதற்கு எதைச் சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. பட்டறையிலும், இரத்தத் துளிகளை ஆராயும் தடயவியலிலும் மட்டும் ஸ்பற்றர்தான். அங்கே போய் ஸ்பிளற்றர் என்றால், இரத்தம் கொட்டும் பேய்ப் படம் நிறையப் பார்த்தவர் என்று நினைப்பார்கள். அந்த வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் பெயரே ஸ்பிளற்றர்தான்.