டெல்டா நிலத் திட்டத்தில் இயற்கையின் பயனை வரைபடமாக்கும் முறை

காவிரி டெல்டாவில் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவோர், கட்டணமில்லாத க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் துல்லியப் படத்தை இட்டு, அதன்மேல் கிராம வரைபடத்தைப் பொருத்த வேண்டும். பங்குனிப் படத்தில் ஆடு மேயும் வெறும் தரிசாகத் தெரியும் தாழ்வான நிலம், ஐப்பசி மழையில் வயல்களின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் வடிகாலாக இருக்கக்கூடும் என்பதால், இரு பருவப் படங்களையும் ஒப்பிட்டு, ஊராருடன் வாய்க்கால் கரையில் நடந்து சரிபார்ப்பது கட்டாயம். இதைத் தவிர்த்த வரைபடத்தை நான் நம்பமாட்டேன். கடலோரத்திற்கு, இயற்கை தரும் பயனைக் கணக்கிடும் இன்வெஸ்ட் மென்பொருளின் கரையோரப் பாதிப்பு மாதிரி பொருந்தும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருந்தால் பாதிப்பு எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு எனக் கரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் 1 (மிகக் குறைவு) முதல் 5 (மிக அதிகம்) வரை அது மதிப்பிடும். 2018 கஜா புயலைக் கண்ட பகுதியில், சாலைக்கோ இறால் பண்ணைக்கோ இடம் ஒதுக்குமுன் அந்த வேறுபாட்டைப் பார்த்தாக வேண்டும்.